கடன் எல்லாம் உங்கள் பெயரில், நிலம் யார் பெயரில்?

வட மாவட்டக் கிராமம் ஒன்றிலிருந்து 36 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுக் கடிதத்தின் சுருக்கத்தைத் தருகிறேன்.

கணவருக்குத் திருப்பூரில் வேலை. மாதம் ஒருமுறை ஊருக்கு வருகிறார். இரண்டு மகள்கள் பள்ளியில் படிக்கிறார்கள். மாமியார் இவருடன்தான் இருக்கிறார். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஊரில் 14 பேர் கொண்ட மகளிர் சுய உதவிக் குழுவில் சேர்ந்தார். குழுவின் பொது நிதியிலிருந்து முதலில் வாங்கிய உள்கடன் 5,000 ரூபாய். அதில் இரண்டு வெள்ளாடுகள் வாங்கி, குட்டிகளை விற்றுக் கடனை அடைத்தார். அடுத்து ஊர்க்காரர் ஒருவரின் கிணற்றுப் பாசன நிலத்தில் 80 சென்ட்டைக் குத்தகைக்குப் பிடித்தார். கத்தரி, வெண்டை, வரப்போரம் கீரை, 20 சென்ட்டில் கனகாம்பரம். "தண்டல்காரர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது" என்று எழுதியிருக்கிறார். கையில் இப்போது 1,30,000 ரூபாய் சேமிப்பு இருக்கிறது.

இனி சிக்கல்கள். குழுவில் ஒருவர் வங்கிக் கடனில் 38,000 ரூபாய் பாக்கி வைத்துவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார். மற்றவர்கள் கட்ட வேண்டும் என்கிறது வங்கி. நாத்தனாருக்காக இவர் தன் பெயரில் மைக்ரோ ஃபைனான்ஸ் நிறுவனம் ஒன்றில் 60,000 ரூபாய் வாங்கிக் கொடுத்தார். நாத்தனார் நான்கு மாதமாகத் தவணை கட்டவில்லை, பாக்கி 28,000. நிறுவன ஊழியர் இரவு எட்டு மணிக்கு போன் செய்கிறார், பக்கத்து வீட்டாரிடம் விசாரிக்கிறார், ஜெயில் என்கிறார். குத்தகை நிலத்துக்காரர் தை பிறந்ததும் நிலத்தைத் திருப்பிக் கேட்கிறார். எழுத்தில் ஒன்றும் கிடையாது. மாமனார் பெயரில் 1 ஏக்கர் 20 சென்ட் புன்செய் சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கிறது. மாமனார் காலமாகிவிட்டார். அதில் போர் போட்டு விவசாயம் செய்யலாம் என்கிறார் கணவர். சேமிப்பு முழுவதையும் போட்டு, நகையை அடகு வைத்து, மீதிக்கு இவர் பெயரிலேயே இன்னொரு கடன் வாங்குவதாக யோசனை. "புருஷன் சொத்தில் பொண்டாட்டிக்குப் பாதி என்று கோர்ட்டே சொல்லிவிட்டதாமே, அப்படியானால் எனக்குப் பயம் இல்லைதானே?" என்று கேட்கிறார். குழுவிலிருந்து விலகிவிடலாமா என்பது கடைசிக் கேள்வி.

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டேன். ஒரு பத்தியில் உங்கள் பெயரில் இருக்கும் கடன்கள்: குழுக் கடனில் உங்கள் பங்கு, நாத்தனாருக்காக எடுத்தது, இனி எடுக்கப் போவது, அடகுக்குப் போகவிருக்கும் நகை. மற்றொரு பத்தியில் உங்கள் பெயரில் இருக்கும் நிலம். அந்தப் பத்தி காலியாக இருந்தது. நீங்கள் உழைக்கும் நிலம் ஊர்க்காரர் பெயரில், உழைக்கப் போகும் நிலம் மாமனார் பெயரில். இது உங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் சாகுபடி நில அலகுகளில் பெண்களின் பொறுப்பில் உள்ளவை ஏறத்தாழ 14 சதவீதம்தான். களை எடுப்பவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே உங்கள் கேள்விகளின் வரிசையை மாற்றிக்கொள்கிறேன். நீங்கள் பயந்து கேட்ட விஷயங்களில் ஆபத்து குறைவு. பயமே இல்லாமல் கேட்ட விஷயத்தில்தான் ஆபத்து அதிகம்.

போர் போடுவதற்கு முன்

"புருஷன் சொத்தில் பாதி" என்று நீங்கள் கேள்விப்பட்டது 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பாக இருக்கலாம். கணவர் வெளிநாட்டில் சம்பாதித்த காலத்தில் மனைவி வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். அந்த உழைப்பும் பங்களிப்புதான், அப்படி வாங்கிய சொத்தில் மனைவிக்குச் சம பங்கு உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் அது திருமண வாழ்க்கையின்போது இருவர் உழைப்பால் வாங்கிய சொத்தைப் பற்றியது. மாமனார் விட்டுச்சென்ற நிலத்துக்கு அது பொருந்தாது. கணவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கு வாரிசாக வந்த சொத்தில் மனைவிக்குத் தாமாகப் பங்கு எதுவும் சட்டப்படி வராது.

அடுத்த கேள்வி, உங்கள் கணவருக்கே அதில் எவ்வளவு? அண்ணன் தம்பி இருவருக்கும் பாதிப் பாதி என்ற கணக்கில் 60 சென்ட் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் இந்துக் குடும்பம் என்றும், மாமனார் உயில் எழுதவில்லை என்றும் வைத்துக்கொண்டு சொல்கிறேன். அது மாமனார் தன் காசில் வாங்கிய நிலம் என்றால் மாமியார், இரண்டு மகன்கள், மகள் ஆகிய நால்வருக்கும் சம பங்கு. உங்கள் கணவருக்கு 30 சென்ட். ஊரில் ஒரு தலைமுறை பழையது எல்லாவற்றையும் "பரம்பரைச் சொத்து" என்பார்கள்; அதனால் மூலப்பத்திரத்தைப் பாருங்கள். மாமனாருக்கே அவர் தகப்பன் வழியில் வந்த கூட்டுக் குடும்பச் சொத்து என்றால் கணக்கு சற்று மாறும். அப்போதும் கணவரின் பங்கு மூன்றில் ஒன்றைத் தொடாது. மகள்களுக்கும் மகன்களைப் போலவே பிறப்பால் உரிமை உண்டு என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தம் சொல்கிறது. தகப்பன் எப்போது இறந்தார் என்பது அதற்குத் தடையல்ல என்று 2020இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. அந்த வகைச் சொத்தில் கணவர் பங்குக்குள் உங்கள் மகள்கள் இருவருக்கும் உரிமை உண்டு, உங்களுக்கு மட்டும் கிடையாது. கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

ஆக, தவணை கட்டாமல் உங்களைத் தவிக்க விட்டிருக்கும் நாத்தனாரும் அந்த நிலத்தில் ஒரு பங்குதாரர். கொழுந்தனாரும் பங்குதாரர், மாமியாரும் பங்குதாரர். முழுப் பணத்தையும் போடப்போகும் நீங்கள் மட்டும் இல்லை. பிரிக்கப்படாத நிலத்தில் போடும் போர் எல்லோருக்கும் பொது. நாளை பாகம் பிரிக்கும்போது போர் இருக்கும் மூலை கொழுந்தனார் பங்கில் விழலாம். ஒரு பங்குதாரர் செய்த மேம்பாட்டை நீதிமன்றம் கருத்தில் கொள்வதுண்டு. ஆனால் அது கணவர் வழக்குப் போட்டு, நிரூபித்து, பல ஆண்டு அலைந்து பெற வேண்டியது. 300 அடி இறங்கியும் தண்ணீர் வராமல் போகும் சாத்தியத்தை நான் இங்கே சேர்க்கவே இல்லை.

என் ஆலோசனை: முதலில் பத்திரம், பிறகு போர். வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ், அந்தச் சர்வே எண்ணில் விற்பனை, அடமானம் ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று காட்டும் வில்லங்கச் சான்று, நால்வரும் கையெழுத்திட்டுப் பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரம், அதன்பின் உட்பிரிவுப் பட்டா. பாகப்பிரிவினையில் பாதை உரிமையையும் எழுதிக்கொள்ளுங்கள். நடுப்பாகம் கிடைத்து, வண்டி போக வழியில்லாமல் நிற்பவர்கள் நிறையப் பேர். கணவர் தன் பங்கைத் தனியாகப் பெற்ற பிறகு அதையோ அதில் ஒரு பகுதியையோ உங்களுக்குத் தான செட்டில்மெண்ட் எழுதித் தரலாம். கூட்டுக் குடும்பச் சொத்தானால் பிரிக்காத பங்கைத் தானமாக எழுதினால் அது செல்லாது. வரிசை மாறக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த வகைச் சொத்தாக இருந்துவிட்டால் மகள்களின் பங்கையும் பத்திரத்தில் எழுத வேண்டும். அதைப் பத்திரம் தயாரிக்கும் வழக்கறிஞரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். குடும்பத்துக்குள் நடக்கும் பாகப்பிரிவினைக்கும் செட்டில்மெண்டுக்கும் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். உங்கள் போர்ச் செலவோடு ஒப்பிட்டால் சிறு தொகை.

இன்னொரு வழியும் இருக்கிறது. கொழுந்தனார் சென்னையில் குடியேறிவிட்டார், விவசாயத்துக்குத் திரும்பும் எண்ணம் இல்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். பாகம் பிரிந்த பிறகு அவர் பங்கை விலைக்குத் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள். 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. உங்கள் 1,30,000 ரூபாய்க்கு ஒரு துண்டு நிலமாவது உங்கள் பெயரில் வரட்டும். நிலமற்ற விவசாயக் கூலிப் பெண்கள் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவர்களாக இருந்தால் அரசின் ஆதிதிராவிடர் மேம்பாட்டுக் கழகமான தாட்கோவின் நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டத்தில் நிலத்தின் விலையில் பாதி, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய், மானியம் உண்டு. உங்கள் சமூகம் எது என்று நீங்கள் எழுதவில்லை. பொருந்துமானால் மாவட்டத் தாட்கோ அலுவலகத்தில் கேளுங்கள்.

பெயரில் நிலம் வந்தால் மரியாதை மட்டும் வருவதில்லை. சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீர்ப் பாசனம் தமிழ்நாட்டில் 100 சதவீத மானியத்தில் கிடைக்கிறது. ஒன்றிய அரசின் பிஎம் கிசான் உதவித்தொகை நில உரிமையாளருக்குத்தான். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டுப் போனால் முதலில் கேட்பது நிலம் யாருடையது என்று காட்டும் சிட்டாவும், அதில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கலும். ஆண்டுக்கணக்கில் விவசாயம் செய்யும் உங்களிடம் இவை ஒன்றும் இல்லை.

நாத்தனாருக்காக எடுத்த கடன்

முதலில் ஜெயில் பயத்தை விடுங்கள். கடனைத் திருப்ப முடியாமல் போவது குற்றமல்ல, உரிமையியல் விவகாரம். காசோலை கொடுத்து அது திரும்பினாலோ, கணக்கிலிருந்து தவணையைத் தானாகப் பிடித்துக்கொள்ள ஒப்புதல் கொடுத்து அது பணமின்றித் திரும்பினாலோ மட்டும் வேறு சட்டப் பிரிவுகள் வரும். அப்படி ஏதாவது கையெழுத்திட்டிருக்கிறீர்களா என்று கடன் அட்டையில் பாருங்கள்.

ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு மைக்ரோ ஃபைனான்ஸ் விதிகள் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் கடனாளியை அழைக்கக் கூடாது. மிரட்டக் கூடாது, தகாத வார்த்தை பேசக் கூடாது. உறவினரையோ நண்பரையோ தொந்தரவு செய்யக் கூடாது. கட்டாவிட்டால் என்ன ஆகும் என்று பொய்யாகப் பயமுறுத்துவதும் தடை செய்யப்பட்டது. ஜெயில் பேச்சு அதில்தான் வரும். அழைப்பு வந்த தேதி, நேரத்தை ஒரு நோட்டில் எழுதிவைத்து நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால், அல்லது பதில் திருப்தி இல்லையென்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. தொலைபேசி எண் 14448.

ஆனால் "அது என் கடனே இல்லை" என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். கையெழுத்து உங்களுடையது, பணம் வந்தது உங்கள் கணக்குக்கு. விண்ணப்பத்தில் கறவை மாடு வாங்க என்று எழுதியிருக்கிறீர்கள், மாடு வாங்கவில்லை. சட்டத்தின் கண்ணில் கடனாளி நீங்கள்தான். நாத்தனார் உங்களுக்குக் கடன்பட்டவர், நிறுவனத்துக்கு அல்ல.

என் கருத்து உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம்: சேமிப்பிலிருந்து 28,000 ரூபாயை எடுத்து இந்தக் கடனை உடனே முடித்துவிடுங்கள். முன்கூட்டியே அடைப்பதற்கு அபராதம் கிடையாது. தாமதக் கட்டணம் கேட்டால் நிலுவையான தவணைக்கு மட்டுமே கேட்க முடியும், முழுக் கடன் தொகைக்கும் அல்ல. பாக்கி இல்லை என்ற சான்றை வாங்கிக்கொள்ளுங்கள். தவறிய ஒவ்வொரு மாதமும் உங்கள் பெயரில் கடன் தகவல் நிறுவனங்களில் பதிவாகிக்கொண்டிருக்கிறது. நாளை நீங்கள் உண்மையாகவே மாட்டுக்குக் கடன் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

நாத்தனாரிடம் அந்தத் தொகைக்குப் புரோநோட் எழுதி வாங்குங்கள். வசூலிக்க மூன்று ஆண்டுக் காலவரம்பு உண்டு. இங்கே உங்களுக்கு ஒரு எண்ணம் தோன்றும், கணவருக்குக் கட்டாயம் தோன்றும்: கடனுக்கு ஈடாக, அவள் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிவிட்டால் என்ன? 30 சென்ட் நிலம் 28,000 ரூபாய்க்கு ஈடு என்றால் அது நியாயமான கணக்கா என்று நீங்களே பாருங்கள். உங்கள் மகள்களின் பங்கை நாளை ஒருவர் இப்படிக் கேட்டால் நீங்கள் என்னிடம்தான் வருவீர்கள். உரிய விலை பேசி, அதில் கடனைக் கழித்து வாங்குவதானால் ஆட்சேபம் இல்லை.

புதிய மைக்ரோ ஃபைனான்ஸ் கடன் இப்போது வேண்டாம். குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்கும் கட்டும் மாதத் தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பதும் அதே 2022 விதிதான். தருகிறோம் என்று வீடு தேடி வருபவர்கள் அந்தக் கணக்கைப் போடாவிட்டாலும் நீங்கள் போட்டுப் பாருங்கள்.

குழுவை விட்டு விலகலாமா?

வேண்டாம். விலகினாலும் ஏற்கெனவே கையெழுத்திட்ட கடனின் கூட்டுப் பொறுப்பு உங்களை விட்டுப் போகாது. ஓடிப்போனவரின் 38,000 ரூபாயை மற்ற 13 பேர் பிரித்தால் ஆளுக்கு மூவாயிரம்கூட வராது. அவருடைய சேமிப்பை முதலில் கழித்துக்கொண்டால் இன்னும் குறையும். கூட்டம் கூட்டி, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கட்டுங்கள். அவரிடமிருந்து வசூலிக்கும் உரிமை குழுவுக்கு உண்டு என்பதையும் அதிலேயே பதியுங்கள். வீட்டை எடுத்துக்கொள்வார்கள் என்று யாரோ சொன்னார்களாம். சுய உதவிக் குழுவுக்கு 10 லட்சம் ரூபாய் வரையான கடனுக்கு வங்கி எந்த ஈடும் கேட்கக் கூடாது. குழுவின் சேமிப்புக் கணக்கையும் முடக்கிவைக்கக் கூடாது.

குழு உங்களுக்குச் செய்திருப்பதை ஒரு முறை கணக்குப் பாருங்கள். உள்கடனுக்கு மாதம் இரண்டு வட்டி என்று குறைப்பட்டிருக்கிறீர்கள். தண்டல்காரரிடம் கட்டிய வட்டி அவர் பைக்குப் போனது, குழுவுக்குக் கட்டும் வட்டி உங்கள் 14 பேரின் பொது நிதியில் சேர்கிறது. வங்கிக் கடனில் 3 லட்சம் ரூபாய் வரை 7 சதவீத வட்டி. உங்களில் யாரும் தனியாகப் போய் இந்த வட்டிக்கு வாங்கியிருக்க முடியாது. 1989இல் தருமபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கப்பட்டபோதும், 1992இல் தேசிய வேளாண் வங்கியான நபார்டு 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோட்டத்தைத் தொடங்கியபோதும் ஈடில்லாமல் ஏழைப் பெண்களை நம்பலாமா என்ற சந்தேகம் வங்கிகளுக்கு இருந்தது. அந்தச் சந்தேகம் போனது உங்களைப் போன்றவர்கள் தவணை தவறாமல் கட்டியதால்.

அதற்காகக் குழுவில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. குழுவை நடத்தும் ஊக்குநரும் பிரதிநிதிகளும் ஆறு ஆண்டாக மாறவே இல்லை, கணக்குப் புத்தகம் ஊக்குநர் வீட்டில்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, ஓடிப்போனவரின் கதைக்கு அதுதான் தொடக்கம். ஒவ்வொரு கூட்டத்திலும் வரவு செலவை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். பொறுப்புகளைச் சுழற்சியில் மாற்றக் கேளுங்கள். மறுத்தால் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பிலும் மகளிர் திட்ட வட்டார அலுவலகத்திலும் மனுக் கொடுங்கள்.

குத்தகை நிலம்

எழுத்தில் இல்லை என்பதாலேயே உரிமை இல்லை என்று ஆகாது. 1955ஆம் ஆண்டு தமிழ்நாடு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், சொந்த உடலுழைப்பில் பயிரிடும் குத்தகைதாரரைக் காக்கிறது. வாய்மொழி ஏற்பாடும் அதில் அடங்கும். நிலத்துக்காரர் நினைத்த நாளில் வெளியேற்ற முடியாது. சட்டம் சொல்லும் காரணங்களுக்காக, உரிய வருவாய் அதிகாரியிடம் மனுச் செய்துதான் முடியும். குத்தகைப் பதிவேட்டில் பெயர் சேர்க்க 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்களும் விண்ணப்பிக்கலாம்.

ஆனால் முதல் அடியிலேயே இந்தச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனால் ஊரில் உங்களுக்கு அடுத்த நிலம் கிடைக்காது. அதே கிணற்றுத் தண்ணீர், அதே வரப்பு, தினமும் முகம் பார்க்க வேண்டிய மனிதர். முதலில் மூன்று ஆண்டுக்குப் பதிவு செய்த குத்தகை கேளுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். தொகையைக் கொஞ்சம் கூட்டித் தரவும் தயாராக இருங்கள். மறுத்தால் நிற்கும் கனகாம்பரம் பலன் முடியும்வரையாவது அவகாசத்தை எழுதி வாங்குங்கள். இனிமேல் குத்தகைப் பணத்தை ரொக்கமாகத் தராதீர்கள். அவர் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். ஆண்டுகள் கழித்து நீங்கள்தான் பயிரிட்டீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி. பலமாக இழுபறி வந்தால் மட்டும் சட்ட வழி. வாய்மொழிக் குத்தகைதாரரும் கிசான் கடன் அட்டைக்குத் தகுதி உள்ளவர் என்பதையும், 2025 ஜனவரி முதல் 2 லட்சம் ரூபாய் வரை ஈடு கேட்கக் கூடாது என்பதையும் வங்கியில் நினைவூட்டுங்கள். தனியாகப் போனால் அலைக்கழிப்பார்கள். குத்தகைக்குப் பயிரிடும் நான்கைந்து பெண்கள் கூட்டுப் பொறுப்புக் குழுவாகச் சேர்ந்து போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

வழக்கறிஞர் செலவுக்குப் பயப்பட வேண்டாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. வட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணை அழையுங்கள். போகும்போது மாமனாரின் மூலப்பத்திரம், இறப்புச் சான்று, கடன் அட்டை, குழுவின் சேமிப்புப் புத்தகம் நான்கையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கணவர் அடுத்த முறை ஊருக்கு வரும்போது போர் வண்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இந்தப் பதிலை அவரிடம் படிக்கக் கொடுங்கள். நகை அதுவரை பீரோவிலேயே இருக்கட்டும்.